கார் திரும்பும், மருந்துப் புட்டி திரும்பாது

‘ஜாகோ கிராஹக் ஜாகோ’ என்று ஒன்றிய அரசு பல ஆண்டுகளாக விளம்பரம் செய்துவருகிறது. ‘விழித்தெழு, நுகர்வோரே, விழித்தெழு’ என்பது அதன் பொருள். தூங்குபவர் மக்கள், எழுப்பிவிடுபவர் அரசு என்பது அந்த முழக்கத்தின் உட்கிடை. தலைநகர் டெல்லியின் அனுபவம் இதை நேர்தலைகீழாகக் காட்டுகிறது. நஞ்சு எந்தப் புட்டியில் இருக்கிறது என்ற செய்தி அரசின் கோப்புகளில் விழித்திருக்கிறது. அந்தப் புட்டியை வாங்கிக் குழந்தைக்குப் புகட்டும் தாயின் கதவை மட்டும் அது தட்டுவதில்லை.

2021 ஜூன் முதல் நவம்பர் வரை டெல்லியின் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனைக்கு 16 குழந்தைகள் ஒரே வகை நச்சுக்குறிகளுடன் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் உட்கொண்டது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து. கொடுத்தவை, ஏழை மக்களுக்காகத் திறக்கப்பட்ட மொஹல்லா கிளினிக்குகள். மூன்று குழந்தைகள் இறந்தனர். ஒன்றிய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் டெல்லி அரசுக்கு எழுதிய கடிதத்தின் தேதி டிசம்பர் 7. சிறு குழந்தைகளுக்கு இம்மருந்தை எழுதக் கூடாது, கையிருப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று அக்கடிதம் கூறியது. முதல் குழந்தை மருத்துவமனைக்கு வந்ததற்கும் கடிதம் எழுதப்பட்டதற்கும் இடையில் ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

அதன்பின் நடந்தது வழக்கமான நாடகம். ஒன்றியத்தை ஆண்ட பாஜக, டெல்லியை ஆண்ட ஆம் ஆத்மி கட்சியைச் சாடியது. டெல்லி அரசு மூன்று மருத்துவர்களைப் பணியிலிருந்து நீக்கிக் கணக்கை முடித்துக்கொண்டது. அந்த மருந்து எத்தனை வீடுகளின் அலமாரிகளில் பாதி தீர்ந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்பவில்லை. குற்றவாளியைத் தேடுவதில் காட்டிய வேகத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் புட்டிகளைத் தேடுவதில் அவர்கள் காட்டவில்லை.

சட்டம் யாருக்காக விழித்திருக்கிறது?

பொருள்களைத் திரும்பப் பெறும் சட்டமே இந்தியாவில் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். கார் வைத்திருப்பவருக்கு அது இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பழுதுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஒன்றிய அரசு ஆணையிடலாம். வாங்கியவருக்கு முழு விலையைத் தருவதோ, மாற்று வாகனம் தருவதோ, பழுது நீக்கித் தருவதோ நிறுவனத்தின் கடமை. 2021 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. கட்டாயத் திரும்பப் பெறுதலுக்கு ஆளாகும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

இணையத்தில் பொருள் வாங்குபவருக்கும் ஓரளவு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்த அமேசான் நிறுவனத்துக்கு 2022 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. விற்கப்பட்ட 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தகவல் தெரிவித்து, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. அபராதம் ஒரு லட்சம் ரூபாய்தான்; அந்தப் பெருநிறுவனத்துக்கு அது ஒரு நொடி வருமானமும் ஆகாது. எனினும் வாங்கிய ஒவ்வொருவரின் முகவரியும் ஏட்டில் இருந்தது. தேடிச் சொல்ல முடிந்தது.

உணவுப் பொருள்களுக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும், அதன்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட திரும்பப் பெறுதல் ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. மருந்துக்கு என்ன இருக்கிறது?

1940இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 1945ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. அவ்விதிகளின் உரிம நிபந்தனைகளில் ஒரு வரி வருகிறது: தரமற்றதாகக் கண்டறியப்பட்ட மருந்துத் தொகுதியில் எஞ்சியதை, அதிகாரி ஆணையிட்டால், விற்பனையிலிருந்து விலக்க வேண்டும், ஏற்கெனவே அனுப்பியதை நடைமுறையில் இயன்ற அளவுக்குத் திரும்பப் பெற வேண்டும். ‘இயன்ற அளவுக்கு’ என்ற அந்தச் சொல்லில்தான் எண்பதாண்டு காலமாக இந்திய மருந்து முதலாளி வர்க்கம் குடித்தனம் நடத்துகிறது. எத்தனை நாளுக்குள் என்பது அதில் இல்லை. மக்களுக்கு யார் சொல்வது என்பதும் இல்லை.

2012இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு சில வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான முதல் வகை மருந்துகளின் விற்பனையை 24 மணி நேரத்தில் நிறுத்தி, 72 மணி நேரத்துக்குள் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவை கூறுகின்றன. தாளில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வழிகாட்டுதலை மீறியவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. 2023 இறுதியில் திருத்தப்பட்ட உற்பத்தி நெறிமுறைகளில் திரும்பப் பெறுதல் பற்றிய கடமைகள் சற்றுத் தெளிவாக இடம்பெற்றன. பின்னர் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசமும் வழங்கப்பட்டது. அந்த அவகாசத்தின் கடைசி மாதங்களில்தான் சிந்த்வாரா நடந்தது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து சிந்த்வாரா வரை

தமிழ்நாட்டுத் தோழர்கள் தலைகுனிந்து படிக்க வேண்டிய பக்கம் இது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் நிறுவனத்தின் ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 2025 அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் சோதனையிட்டு விற்பனைக்குத் தடை விதித்தது. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை நாட்களிலும் சென்னை ஆய்வகம் வேலை செய்தது. முடிவு: எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண் கொண்ட மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 விழுக்காடு. பெயிண்டிலும் பிரேக் எண்ணெயிலும் பயன்படும் தொழிற்சாலைக் கரைப்பான், புட்டியில் ஏறத்தாழ பாதியாக இருந்தது.

அதே அக்டோபர் 3 அன்று, புதுடெல்லியில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தில் எடுத்து இதுவரை சோதித்த மாதிரிகளில் இந்த நஞ்சு இல்லை என்றது அது. அன்றிரவே சென்னையின் ஆய்வு முடிவு அந்த ஆறுதலைப் பொய்யாக்கியது. டெல்லி அரசு கோல்ட்ரிஃப் விற்பனைக்குத் தடை ஆணை பிறப்பித்தது அக்டோபர் 10 அன்று. ஒன்றியத்திலும் டெல்லியிலும் ஒரே கட்சியின் ஆட்சி, ‘இரட்டை எஞ்சின்’ ஆட்சி என்று பீற்றிக்கொள்பவர்களுக்கு, சென்னையில் தெரிந்த ஒரு பேட்ச் எண் டெல்லியின் ஆணையாக மாற ஒரு வாரம் தேவைப்பட்டது. வழிகாட்டுதல் கூறும் 72 மணி நேரம் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டு ஆய்வகத்தின் வேகம் பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வேகம் குழந்தைகள் மாண்ட பிறகு வந்தது. சோதனையில் அந்த ஆலையில் 300க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கண்டறியப்பட்டன. அவை ஒரே இரவில் முளைத்தவை அல்ல. மூத்த மருந்து ஆய்வாளர்கள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர், நிறுவன உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தாயிற்று. உரிமம் வழங்கிப் புதுப்பித்தது மாநிலம், மேற்பார்வை செய்திருக்க வேண்டியது ஒன்றியம் என்று இரு அரசுகளும் ஒன்றையொன்று சுட்டின. கூட்டணி உறவைக் கருதி மாநிலத் துறையின் தவறைப் பேசாமல் விடுவது இடதுசாரிகளுக்கு அழகல்ல. ஒன்றிய அரசின் குற்றத்தைச் சுட்டும் விரல், மாநிலத்தின் குற்றத்தின் முன் மடங்கினால், மக்கள் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

டெல்லி மறந்த இரண்டு 1998கள்

இது டெல்லி காணாத துயரம் அன்று. 1998 ஏப்ரல் முதல் ஜூன் வரை குர்கான் பகுதியைச் சேர்ந்த 36 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து டெல்லி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 33 பேர் இறந்தனர். காரணம் இதே டைஎத்திலீன் கிளைக்கால். வந்த வழி இதே இருமல் சிரப். 1970களில் சென்னை, 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, 2019–20இல் ஜம்முவின் ராம்நகர் என ஒரே நஞ்சு நாடெங்கும் நடந்து திரிந்திருக்கிறது. டெல்லி எல்லையை ஒட்டிய குண்ட்லியில் இயங்கிய மெய்டன் நிறுவனத்தின் சிரப்புகள் பற்றி 2022 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் சாவோடு அவை தொடர்புபடுத்தப்பட்டன. இந்திய அரசு, தான் சோதித்த மாதிரிகள் தரமானவையே என்று பதில் எழுதியது.

1998 ஆகஸ்டில் டெல்லி மற்றொரு நஞ்சையும் கண்டது. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, சுமார் மூவாயிரம் பேர் நோயுற்றனர். 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாஜ்பாய் ஒன்றியத்திலும், சாகிப் சிங் வர்மா டெல்லியிலும் ஆண்ட காலம் அது. அரசு கண்ட தீர்வு என்ன? செப்டம்பரில் சமையல் எண்ணெய்ப் பொட்டல ஒழுங்குமுறை ஆணை பிறந்தது. சில்லறையாக அளந்து விற்பது தடுக்கப்பட்டது. எல்லாம் பொட்டலத்தில் வர வேண்டும் என்றாயிற்று.

பொட்டலம் தூய்மையின் சான்றன்று. மூடி முத்திரையிட்ட புட்டியில்தான் கோல்ட்ரிஃப்பும் வந்தது. ஆனால் அந்த ஆணையின் விளைவு திட்டவட்டமானது. தெருக்கோடிச் செக்குக்காரரும், கால் லிட்டர் வாங்கிக் குழம்பு தாளித்த தினக்கூலித் தொழிலாளியும் தண்டிக்கப்பட்டனர். சந்தை பெரிய ஆலைகளுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் கைமாறியது. கலப்படம் செய்தவரைத் தேடிப் பிடிக்கும் ஆய்வாளர் படையையும், ஆய்வகங்களையும் பெருக்குவதற்குப் பதிலாக, பேரிடரையே பெருமுதலாளிக்குச் சந்தை திறக்கும் வாய்ப்பாக மாற்றினார்கள். உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் வரும் ஒவ்வொரு நடவடிக்கையையும் இடதுசாரிகள் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும்: நஞ்சு சந்தையை விட்டுப் போகிறதா, அல்லது சிறு வணிகர் மட்டும் சந்தையை விட்டுப் போகிறாரா?

‘நம்பிக்கை’ என்ற பெயரில்

2023 ஆகஸ்டில் ‘ஜன் விஸ்வாஸ்’ என்ற சட்டத்தை மோடி அரசு நிறைவேற்றியது. ‘மக்கள் நம்பிக்கை’ என்று பொருள்படும் அச்சட்டம், பல சட்டங்களில் இருந்த சிறைத் தண்டனைகளை நீக்கியது அல்லது குறைத்தது. மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவின் கீழ் வரும் தரமற்ற மருந்துக் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. உணவுச் சட்டத்தில் பாதுகாப்பற்ற உணவுக்கான ஒரு பிரிவின் சிறைத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாயிற்று. அபராதம் மட்டும் கூடிற்று. ‘தொழில் செய்வதை எளிதாக்குகிறோம்’ என்பது அரசின் விளக்கம்.

உயிரிழப்பை ஏற்படுத்தும் கலப்பட மருந்துக்கு ஆயுள் தண்டனை வரை சட்டத்தில் இன்னும் இருக்கிறதே என்று அரசின் வழக்குரைஞர்கள் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் நஞ்சு கலந்த புட்டி திடீரென்று பிறப்பதில்லை. மூலப்பொருளைச் சோதிக்காமல் வாங்குவதும், தரம் தவறிய தொகுதிகளைத் துணிந்து அனுப்புவதும் பழக்கமாகிய ஓர் ஆலையில்தான் அது ஒருநாள் பிறக்கிறது. முதல் தவறிலேயே தடுத்திருந்தால் கடைசித் தவறு நடந்திராது. பிணம் விழுந்த பிறகு வரும் தண்டனையை வைத்துக்கொண்டு, பிணம் விழாமல் காக்கும் தண்டனையை விலைபேசிவிட்டார்கள்.

அரசின் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு மற்றொரு சான்று. காம்பியாவுக்குப் பின், 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகள் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உள்நாட்டுக் குழந்தைகள் குடிக்கும் சிரப்புக்கு அந்த விதி விரிவுபடுத்தப்படவில்லை. வெளிநாட்டுச் சந்தையில் இந்திய முதலாளியின் பெயர் கெடக் கூடாது என்ற கவலை இருந்தது. சிந்த்வாராவின் குழந்தையைப் பற்றி இல்லை. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திரப் பட்டியல் வெளிவந்தபோது, அதை வாங்கியவர்களின் வரிசையில் மருந்து நிறுவனங்களும் நின்றிருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாளித்துவ நாட்டிலேயே வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. 1937இல் அமெரிக்காவில் இதே கரைப்பானில் தயாரான ‘எலிக்சிர் சல்ஃபானிலமைடு’ என்ற மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது நஞ்சுள்ள மருந்தைத் தடுக்கும் சட்டம் அங்கும் இல்லை. ‘எலிக்சிர்’ என்று பெயரிட்டால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, அரசு ஆய்வாளர்கள் ஊர் ஊராக, மருத்துவர் மருத்துவராக, வீடு வீடாகச் சென்றனர். தயாரான 240 காலனில் 234 காலனை மீட்டனர். அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் முடிந்த வேலை, ‘டிஜிட்டல் இந்தியா’வில் முடியாது என்பவர்கள் தொழில்நுட்பக் குறைபாட்டைப் பேசவில்லை, அரசியல் முடிவைப் பேசுகிறார்கள்.

‘இது நடுத்தர வர்க்கப் பிரச்சினை’ என்ற எண்ணம்

கட்சி அணிகளுக்குள்ளும் ஓர் எண்ணம் உலவுகிறது. நுகர்வோர் பிரச்சினை என்பது ரசீது வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்தின் கவலை. கூலி, நிலம், வேலை ஆகியவையே வர்க்கப் போராட்டம் என்பது அது. இந்த எண்ணம் மார்க்சியத்துக்கு அந்நியமானது.

இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய தன் நூலில் கலப்பட உணவு தொழிலாளியின் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது என்பதை எங்கெல்ஸ் விரிவாகப் பதிவு செய்தார். ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய இயலில், லண்டன் ரொட்டியில் கலந்த படிகாரத்தையும் மணலையும் மார்க்ஸ் பேசுகிறார். கலப்படத்தைத் தடுக்க 1860இல் வந்த சட்டம், கலப்படத்தால் பிழைக்கும் வணிகர்மீது கொண்ட பரிவால் செத்த எழுத்தாகியதை எள்ளி நகையாடுகிறார். எந்த அடுப்பில் ரொட்டி கெட்டதோ, அதே அடுப்பின் முன் இரவெல்லாம் ரொட்டித் தொழிலாளியின் உடலும் கெட்டது என்பதே அவர் காட்டிய உண்மை. மிகை உழைப்பும் கலப்படமும் ஒரே லாபத்தின் இரு கைகள்.

இன்றைக்கும் அதுவே நிலை. பீப்பாயில் வந்தது மருந்துத் தரமா, தொழிற்சாலைத் தரமா என்பதை முதலில் காண்பது ஆலைத் தொழிலாளியின் கண்தான். ஒப்பந்தக் கூலியாக, சங்கமின்றி, நாளைய வேலை நிச்சயமின்றி நிற்பவர் வாய் திறக்க முடியாது. சங்கம் உள்ள ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு மருந்து ஆய்வாளர். ஆகவே தொழிற்சங்க உரிமைக்கான போராட்டம், சிந்த்வாராவின் குழந்தைக்கான போராட்டமுமாகும்.

நஞ்சு எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுவதுமில்லை. தெற்கு டெல்லியின் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவருக்குக் குழந்தை மருத்துவர் கைப்பேசியில் எச்சரிக்கை அனுப்புவார். வசீர்பூரின் உருக்குப் பட்டறைத் தொழிலாளி, மருத்துவர் கட்டணத்துக்கு வழியின்றி, மருந்துக் கடையில் நோயைச் சொல்லிப் புட்டி வாங்குகிறார். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கிருந்து தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்ட தமிழ்க் குடும்பத்துத் தாய்க்கு, ஆங்கிலத்தில் அச்சிட்ட லேபிள் எதையும் சொல்வதில்லை. தரமற்ற மருந்துகளின் பட்டியலை ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தன் தளத்தில் வெளியிடத்தான் செய்கிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், நிறுவனம், காரணம் எல்லாம் ஆங்கிலத்தில். எழுதிவிட்டோம் என்று அரசு கை கழுவுகிறது. படிக்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவே இல்லை.

கிளைகளின் கடமை

சட்டத்தை மாற்றும் போராட்டம் நீண்டது. இருக்கும் சட்டத்தின் ஓட்டைகளுக்கிடையே கிடக்கும் உரிமைகளை அதுவரை துருப்பிடிக்க விடக் கூடாது.

மாதந்தோறும் வரும் அந்தப் பட்டியலை ஒரு தோழர் இறக்கி, குழந்தை மருந்துகளையும் அன்றாட மருந்துகளையும் பிரித்து, இந்தியிலும் தமிழிலும் ஒரே தாளில் எழுதினால் போதும். கிளை அலுவலகத்திலும், ரேஷன் கடை வரிசையிலும், மருந்துக் கடை வாசலிலும் அதை ஒட்டலாம். பேட்ச் எண் புட்டியில் எங்கே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை மாதர் சங்கக் கூட்டத்தில் புட்டியைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். பட்டியலில் உள்ள பேட்ச் மட்டுமே ஐயத்துக்குரியது. அதே பெயரில் உள்ள மருந்து அனைத்தும் நஞ்சல்ல. வீண் பீதியால் தேவையான மருந்தை மக்கள் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் தோழர்கள் உடன் சொல்ல வேண்டும்.

ஐயத்துக்குரிய மருந்தோ உணவோ அகப்பட்டால் அதைக் கொட்டிவிடக் கூடாது. புட்டி, மூடி, அட்டைப்பெட்டி, ரசீது ஆகிய நான்கும் சான்றுகள். டெல்லியில் மருந்து பற்றிய புகாரைக் கர்க்கர்டூமாவில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்க வேண்டும். உணவு பற்றிய புகார் டெல்லி அரசின் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு உரியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடமும், அதாவது டெல்லியில் டிஎம் எனப்படுபவரிடமும், புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் ஏற்பட்ட பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

பலரும் அறியாத இரண்டு பிரிவுகள் உள்ளன. மருந்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, மருந்தை வாங்கிய எவரும், அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும், உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். உணவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவும் வாங்குபவருக்கு இத்தகைய உரிமையைத் தருகிறது; உணவு தரமற்றது என்று தெரிந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். இவற்றைப் பயன்படுத்தி ஒவ்வொரு பகுதிக் குழுவும் சில சோதனைகளையேனும் செய்யட்டும். பகீரத் பேலஸ் மொத்தச் சந்தை உள்ள இந்நகரில் எத்தனை மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் உள்ளன, எத்தனை காலி, கோல்ட்ரிஃப் ஆணைக்குப் பின் எத்தனை கடைகள் சோதிக்கப்பட்டன, எத்தனை புட்டிகள் திரும்ப வந்தன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடலாம். பதில் வந்தால் அது ஆயுதம். வராவிட்டால், அந்த மௌனத்தையே துண்டறிக்கையாக அச்சிடலாம்.

இவை சமூக சேவை அல்ல. அரசின் கோப்பில் பூட்டிக் கிடக்கும் அறிவை மக்களின் கைக்கு மாற்றுவது அரசியல் பணி. பத்துப் புகார்களுக்குப் பதில் வராத தெருவில், பதினோராவது நாள் ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டத் தனியே பிரச்சாரம் தேவைப்படாது.

கோரிக்கைகள்

மருந்துகளைத் திரும்பப் பெறுவதற்குக் காலக்கெடுவும் தண்டனையும் கொண்ட தனிச் சட்டம் வேண்டும். ஆபத்தான பேட்ச் கண்டறியப்பட்ட அன்றே அனைத்து மாநிலங்களிலும் தடை தானே நடைமுறைக்கு வர வேண்டும். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசிச் செய்தி வழியே அந்தந்த மாநில மொழியில் அறிவிப்பு வர வேண்டும். ஏற்றுமதி சிரப்புக்கு உள்ள கட்டாயச் சோதனை உள்நாட்டு சிரப்புக்கும் வேண்டும். ஜன் விஸ்வாஸ் சட்டம் மருந்து, உணவுச் சட்டங்களில் செய்த தளர்வுகள் நீக்கப்பட வேண்டும். மருந்து, உணவு ஆய்வாளர் பணியிடங்கள் நிரந்தர ஊழியர்களால் நிரப்பப்பட வேண்டும். தனியாரின் லாபத்துக்கு எதிரான நம்பகமான மாற்றாக, பொதுத்துறை மருந்து உற்பத்தி மீட்கப்பட வேண்டும்.

ஆட்சியாளர்கள் மக்களைத் தூங்குபவர்கள் என்கிறார்கள். பாதி தீர்ந்த சிரப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, அதன் சிறிய எழுத்துகளில் பேட்ச் எண்ணைத் தேடும் ஒரு தாய் தூங்கவில்லை. அவள் தேடும் எண் அவளுக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருந்தது. அதை ஏன் சொல்லவில்லை என்று அவளோடு சேர்ந்து கேட்பதே கட்சியின் வேலை.